தொடாமலே சுடும் நெருப்பு

நெருப்பு தொட்டவரைத்தான் சுடும், பிரிவோ எட்ட இருந்தபடியே சுடுகிறதே என்று காமத்துப்பாலின் தலைவி ஒருத்தி நொந்துகொள்கிறாள். வள்ளுவர் காலத்து நெருப்புக்கு அந்த இலக்கணம் பொருந்தியிருக்கலாம். நம் காலத்து நெருப்பு ஒன்று அந்த இலக்கணத்தை மீறிவிட்டது. மின்பேனல் ஒன்றின் முன் ஒன்றரை அடி தள்ளி நிற்பவரை, எதையும் தொடாத நிலையிலேயே, ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் அது சுட்டுவிடுகிறது. பொறியாளர்கள் ஆங்கிலத்தில் அதை 'ஆர்க் ஃபிளாஷ்' என்கிறார்கள். தமிழில் அதற்கு நாம் இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் மின்பேனலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஒரு துன்பத்துக்குப் பெயர் இல்லாதபோது அந்தத் துன்பம் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராததிலிருந்து யாரும் யாரையும் காப்பதில்லை. பெயரிடுவது சொல்லோடு புழங்குகிறவர்களின் வேலை. அந்த வகையில் இது நமக்கும் உரிய விஷயம் என்றே தோன்றுகிறது.

முதலில் நம் நாளேடுகளின் மொழியைப் பார்ப்போம். மின்சாரம் தொடர்பான விபத்துச் செய்திகள் இரண்டே வாய்பாடுகளில் அடங்கிவிடுகின்றன. ஆள் இறந்தால் 'மின்சாரம் தாக்கி பலி'. கட்டடம் எரிந்தால் 'மின்கசிவு காரணமாகத் தீ'. முதல் வாய்பாடு, மின்சாரம் உடலுக்குள் பாய்ந்ததாகச் சொல்கிறது. இரண்டாவது, ஏதோ குழாயிலிருந்து நீர் சொட்டுவதுபோல மின்சாரம் சொட்டியதாகச் சொல்கிறது. பேனலைத் திறந்த தொழிலாளியின் முகமும் கைகளும் மார்பும் வெந்து, நுரையீரலில் உலோகப்புகை நிறைந்து, சில நாள் கழித்து அவர் மருத்துவமனையில் இறந்துபோனால் அது எந்த வாய்பாட்டில் சேரும்? மின்சாரம் அவரைத் தாக்கவில்லை. அவர் உடலில் ஒரு மில்லிஆம்பியர்கூட ஓடியிருக்க வேண்டியதில்லை. எதுவும் கசியவும் இல்லை. ஆனாலும் மறுநாள் செய்தியில் அவர் மின்சாரம் தாக்கியே இறந்திருப்பார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலும் விபத்து மரணங்களின் பட்டியலில் மின்சாரம் தாக்கி இறந்தோருக்கு ஒரு தலைப்பும், தீ விபத்துகளின் கீழ் ஷார்ட் சர்க்யூட்டுக்கு ஒரு தலைப்பும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் வெந்தவருக்கெனத் தனியே ஒரு வரி இல்லை.

இந்த நெருப்பு நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று. தெருவோர வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது 'அதைப் பார்க்காதே, கண் போய்விடும்' என்று அதட்டப்படாமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. அந்த நீலவெள்ளைச் சுடர்தான் ஆர்க். இரு உலோக முனைகளுக்கு நடுவே இருக்கும் காற்று வழக்கமாக மின்சாரத்தைக் கடத்தாது. போதிய வெப்பமும் மின்னழுத்தமும் கிடைத்துவிட்டால் காற்றின் அணுக்கள் சிதைந்து, காற்றே கடத்தியாக மாறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்ப்ரி டேவி இரு கரித்துண்டுகளுக்கு நடுவே இதை உண்டாக்கிக் காட்டினார். சூடான காற்று மேலெழும்புவதால் அந்த ஒளிக்கோடு வில்லாக வளைந்து நின்றது. அதனால்தான் வளைவைக் குறிக்கும் சொல்லே ஆங்கிலத்தில் அதற்குப் பெயராயிற்று. நம் பாடநூல் ஆசிரியர்களும் அழகாகவே 'மின்வில்' என்று மொழிபெயர்த்தார்கள். மின்வில் விளக்கு உண்டு, மின்வில் உலை உண்டு. விளக்கையும் உலையையும் மொழிபெயர்த்த நாம் விபத்தை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டோம்.

வெல்டிங் பட்டறையின் மின்வில் சில பத்து வோல்ட்டிலும் நூறு, இருநூறு ஆம்பியரிலும் எரிவது. அதன் திறன் நான்கைந்து கிலோவாட். கறுப்புக் கண்ணாடியும் தோல் கையுறையும் அதற்குப் போதும். ஒரு தொழிற்சாலையின் முதன்மைப் பேனலில் மூண்டுவிடும் மின்வில்லில் ஓடுவது ஆயிரக்கணக்கான ஆம்பியர். அதன் திறன் ஒரு மெகாவாட்டை எளிதில் தாண்டும். வெல்டிங் சுடரைப்போல் சில நூறு சுடர்கள் ஒரே பெட்டிக்குள் ஒரே கணத்தில் பற்றிக்கொண்டதாக எண்ணிப் பார்க்கலாம். அவ்வளவும் வெளியேற ஒரே வழிதான் இருக்கிறது. அது திறந்திருக்கும் கதவு. கதவுக்கு முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார்.

அதை மூட்டுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. கைதவறி விழும் ஒரு ஸ்பேனர் போதும். உள்ளே குடிபுகுந்த எலி, இரு பஸ்பார்களுக்கு நடுவே வால் நீட்டிய பல்லி, ஆண்டுக்கணக்கில் முடுக்கப்படாமல் தளர்ந்த போல்ட், மழைக்காலத்து ஈரத்தோடு சேர்ந்த சிமென்ட் தூசி, சுமையோடு பிடுங்கப்பட்ட ஃபியூஸ் கேரியர், அளவுக்குப் பொருந்தாத மல்டிமீட்டர், பிரேக்கரை உள்ளே தள்ளும்போது சரியாக உட்காராத ஒரு முனை - இவற்றில் ஏதேனும் ஒன்று தொடங்கிவைக்கும். பிறகு மின்வில் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். அதன் மையத்தில் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் அளவை எட்டக்கூடும். சூரியனின் புறப்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான். அந்த வெப்பத்தில் செம்பு உருகுவதோடு நிற்பதில்லை, ஆவியாகிவிடுகிறது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது என்றால் செம்பு ஆவியாகும்போது ஏறத்தாழ 67,000 மடங்கு விரிகிறது. நீராவிக்கே இட்லிப்பானையின் மூடி துள்ளுகிறது. பேனலின் கதவு என்ன ஆகும், செவிப்பறை என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வெப்பம் ஒருபுறம், காற்றழுத்தம் ஒருபுறம், உருகிய உலோகத் துளிகள் ஒருபுறம். கண்ணைப் பறிக்கும் ஒளியும் காதைக் கிழிக்கும் ஓசையும் இவற்றோடு கூடவே வரும்.

மேலைநாட்டினர் இதை முன்பே அறிந்திருந்தார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. டேவி மின்வில்லைக் காட்டியதற்கும், அது தொழிலாளியை எவ்வாறு எரிக்கிறது என்று கணக்கிடப்பட்டதற்கும் நடுவே ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. 1982இல் ரால்ஃப் லீ என்னும் அமெரிக்க மின்பொறியாளர் ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். மின்வில்லின் தீக்காயங்களை அவர் அதன் தலைப்பிலேயே 'மற்றொரு மின் அபாயம்' என்று குறித்தார். அந்த 'மற்றொரு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதுவரை மின் அபாயம் என்றால் ஷாக் ஒன்றுதான். அங்கும் முதலில் நிகழ்ந்தது ஒரு பெயரிடல்தான். பாதுகாப்பு அதற்குப் பிறகு வந்தது.

எவ்வளவு வெப்பம் மனிதத் தோலுக்கு அதிகம் என்னும் கேள்விக்கான விடை வேறோர் இடத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் ஆலிஸ் ஸ்டோல் என்னும் அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1950களிலும் 60களிலும் தோல் எந்த அளவு வெப்பத்தில் எவ்வளவு நேரத்தில் கொப்புளிக்கிறது என்பதை அளந்து வைத்திருந்தார்கள். அத்தகைய ஆய்வுகளின் வழியாகவே மின்தொழிலுக்கு ஓர் எல்லைக்கோடு கிடைத்தது. சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி. அதற்கு மேல் போனால் மூடாத தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையானது ஒரு கலோரி. விரல்நகத்தளவு தோலில் அந்தச் சிறு வெப்பம் சட்டென்று விழுந்தாலே கொப்புளம்தான். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 70இ என்னும் தரநூல் 1979இல் முதலில் வந்தது. மின்வில் அபாயம் அதில் இடம்பெற 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வெப்பத்தைக் கணக்கிடும் வழிமுறையை ஐ.இ.இ.இ. 1584 என்னும் தரமாக 2002இல் வகுத்து, 2018இல் திருத்தினார்கள். ஆக, இது இளைய துறை. நாம் பின்தங்கிவிட்டோம் என்று வருந்துவதைவிட, இன்னும் சேர்ந்துகொள்ளும் தொலைவில்தான் இருக்கிறோம் என்று கொள்வது நல்லது.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயன்தரும். நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் 500 கே.வி.ஏ. மின்மாற்றி இருப்பதாகக் கொள்வோம். ஒருபுறம் 11,000 வோல்ட், மறுபுறம் 433 வோல்ட். அதன் உள்மறிப்பு 4.5 விழுக்காடு எனில், 433 வோல்ட் பக்கத்தில் முழுமையான ஷார்ட் ஏற்பட்டால் ஏறத்தாழ 14,800 ஆம்பியர் பாயும். மின்வில்லும் ஒரு தடைதான் என்பதால் அது மூளும்போது ஓட்டம் ஏறத்தாழ 8,400 ஆம்பியராகக் குறைகிறது. ஒன்றரை அடி தொலைவில், அதாவது பேனலில் கைவைத்து வேலை செய்பவரின் முகமும் மார்பும் இருக்கும் தொலைவில், 2002ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி அவர்மீது விழும் வெப்பம் எவ்வளவு? பத்தில் ஒரு நொடியில் மின்வில் அணைந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கலோரி. ஒரு நொடி நீடித்தால் ஏறத்தாழ 28 கலோரி. இரண்டு நொடி நீடித்தால் 56. எல்லைக்கோடு 1.2 என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஓட்டமும் அதுவே, தொலைவும் அதுவே. மாறியது நேரம் ஒன்றுதான். உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்பது, எத்தனை விரைவில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது என்பதே. ஃபியூஸ் கம்பி போய்விட்டால் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் நம் வீடுகளில் தொடங்கித் தெருமுனை மின்மாற்றி வரை இருப்பதை நாம் அறிவோம். 'அடிக்கடி போகாது' என்று அதைப் பெருமையாகவும் சொல்வோம். உரிய நேரத்தில் போகாமல் இருப்பதே அங்கு ஆபத்து. பிரேக்கர் தேவையின்றித் துண்டிக்கிறதென்று ரிலேயின் நேரத்தை ஏற்றி வைப்பதும் இதே செயலின் படித்த வடிவம்தான்.

இங்கே நம் சொற்களும் நம்மை ஏமாற்றுகின்றன. 11,000 வோல்ட்டை 'உயரழுத்தம்' என்கிறோம். 433 வோல்ட்டைத் 'தாழ்வழுத்தம்' என்கிறோம். தாழ்வு என்றதும் மனம் தளர்ந்துவிடுகிறது. உயரழுத்தக் கம்பியின் அருகே அஞ்சி நிற்பவர் தாழ்வழுத்தப் பேனலைத் தயங்காமல் திறக்கிறார். மேலே சொன்ன கணக்கில் 433 வோல்ட் பக்கத்து மின்வில்லின் 8,400 ஆம்பியர், மின்மாற்றிக்கு அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டில் வெறும் 330 ஆம்பியராகத்தான் தெரியும். அங்கே காவலிருக்கும் ஃபியூஸுக்கு அது அவசரமாகத் தோன்றாமலும் போகலாம். அது யோசித்து உருகும் வரை இந்தப் பக்கம் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். மின்மாற்றிக்கும் முதல் பிரேக்கருக்கும் நடுவிலுள்ள அந்தச் சில அடிகளே பல தொழிற்சாலைகளில் மிகக் கொடிய இடம். அதன் பெயரோ தாழ்வழுத்தம்.

எச்சரிக்கைப் பலகைக்கும் இதே குறை உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், பின்னர் 2010இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும், அபாய அறிவிப்பை இந்தி அல்லது ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் எழுதி மண்டையோட்டுக் குறியோடு வைக்கச் சொல்லின. உள்ளூர் மொழியை வலியுறுத்திய அந்த நல்ல எண்ணத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பலகையில் நாம் காண்பது என்ன? 'அபாயம்' என்ற ஒரு சொல்லும், இத்தனை வோல்ட் என்ற ஓர் எண்ணும். வோல்ட் ஷாக்கின் அளவுகோல். இந்தக் கதவைத் திறந்தால் எத்தனை கலோரி முகத்தில் விழக்கூடும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எந்த உடை வேண்டும் என்பதைப் பற்றி மண்டையோடு எதுவும் பேசுவதில்லை. என்.எஃப்.பி.ஏ. 70இ பேனலின் மேல் ஒட்டச் சொல்லும் வில்லை இவற்றைச் சொல்கிறது. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் அத்தகைய வில்லை ஒட்டப்பட்டிருக்கும் இடங்களிலும் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பொறியாளர் அதைப் படிக்கிறார். ஆனால் கதவைத் திறப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி.

விபத்துக்குப் பிறகு வரும் விசாரணையில் தவறாமல் இடம்பெறும் சொல் 'கவனக்குறைவு'. இந்தச் சொல்லின்மேல் நமக்குத் தீராத ஐயம் உண்டு. கை தவறாத மனிதர் உலகில் இல்லை. பத்து மணி நேரம் உழைத்த கை, பதினோராவது மணி நேரத்தில் ஒரு ஸ்பேனரை நழுவவிடும். அது கையின் இயல்பு. நழுவிய ஸ்பேனர் தரையில் விழுந்து 'டங்' என்ற ஓசையோடு முடிந்திருக்க வேண்டும். அது ஓர் உயிரை எரிக்கக்கூடிய இடத்தில், மின்சாரத்தை நிறுத்தாமல், அந்தக் கையை வேலைசெய்ய அனுப்பியது யாருடைய கவனம்? கவனக்குறைவு என்று எழுதியவுடன் கோப்பு மூடப்படுகிறது. பேனல் அப்படியே இருக்கிறது. ரிலேயின் நேரமும் அப்படியே இருக்கிறது. அடுத்தவர் வந்து அதே இடத்தில் நிற்கிறார்.

அப்படியானால் காப்பது எப்படி? கணினியின் உதவியோடு போடப்பட்ட கணக்குகளும் தடித்த தரநூல்களும் இறுதியில் சொல்வது மிக எளிய ஒன்றைத்தான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய். நிறுத்திய சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று சோதனைக் கருவியால் பார். பிறகு எர்த் செய். நம் மின்வாரியத் தோழர்கள் 'எல்.சி. வாங்காமல் ஏறாதே' என்று சொல்வது இதன் உள்ளூர் வடிவம். சோதித்து முடிக்கும்வரை அது உயிருள்ள கம்பியே என்பதால், சோதிப்பவருக்கும் காப்புடை வேண்டும் என்பது இதன் அடுத்த நுட்பம்.

இரண்டாவது வழி நேரத்தைக் குறைப்பது. மின்வில்லின் ஒளியைக் கண்டவுடன் சில மில்லி நொடிகளில் முடிவெடுக்கும் ரிலேக்கள் இன்று உண்டு. அதன்பின் பிரேக்கர் திறக்க இன்னும் சில பத்து மில்லி நொடிகள் ஆகும். 28 கலோரியை 3 கலோரிக்கும் கீழே இறக்குவது என்பது இதுதான். புதிய கருவி வாங்க முடியாத இடங்களிலும், பராமரிப்பு நடக்கும் சில மணி நேரங்களுக்கு மட்டும் ரிலேயின் நேரத்தைக் குறைத்து வைக்கலாம். மூன்றாவது வழி தொலைவு. பிரேக்கரை அறைக்கு வெளியே நின்று இயக்கவும், உள்ளே தள்ளவும் ஏற்பாடு செய்வது. நான்காவது, மின்வில் மூண்டாலும் கதவின் வழியே வராமல் மேற்புறம் வெளியேறும்படி கட்டப்பட்ட பேனல்கள். காப்புடை கடைசியில்தான் வருகிறது.

ஆனால் நடைமுறையில் காப்புடையே முதலில் வாங்கப்படுகிறது, அதுவும் வாங்கப்பட்டால். விண்வெளி வீரரைப்போல் தலைமுதல் கால்வரை மூடும் அந்த உடை, புகைப்படத்துக்கும் தணிக்கைக்கும் நன்றாக இருக்கும். 40 கலோரி தாங்கும் உடையைச் சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத மின்னறையில், ஒருவர் எத்தனை நிமிடம் அணிந்திருக்க முடியும்? 'தொழிலாளர்கள் போடமாட்டேன் என்கிறார்கள்' என்று அதிகாரிகள் குறைப்படுவதில் உண்மை இருக்கிறது. அதற்கான விடை தொழிலாளியை ஏசுவதில் இல்லை. நேரத்தைக் குறைத்து 40 கலோரி இடத்தை 8 கலோரி இடமாக மாற்றினால் அவர் அணிய வேண்டியது இலகுவான தீத்தடுப்புச் சட்டையும் கால்சட்டையும் முகக்கவசமும் கையுறையும் மட்டுமே. அதை எந்த வெயிலிலும் அணியலாம். மேலும், உடை வெப்பத்தைத்தான் தடுக்கும். வெடிப்பின் அழுத்தத்தை அது தடுத்துவிடும் என்று நம்பி யாரையும் உள்ளே அனுப்பக்கூடாது.

உடை என்றதும் சொல்ல வேண்டிய எளிய செய்தி ஒன்று. பாலியஸ்டர் ஏறத்தாழ 250 டிகிரியில் உருகத் தொடங்கும். உருகியது தோலோடு ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் அதைத் தோலோடு சேர்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் சீருடை என்றாலே டெரிகாட்டன்தான். கசங்காது, விரைவில் காயும், விலையும் குறைவு. வெறும் பருத்தியும் பற்றிக்கொள்ளும் என்றாலும் உருகி ஒட்டுவதில்லை. பேனல்முன் நிற்பவருக்குத் தீத்தடுப்புத் துணி வாங்கித் தர முடியாத நிறுவனம், குறைந்தது உருகும் துணியைச் சீருடையாகத் தராமல் இருக்கலாம். கையில் செம்புக் காப்பும் கழுத்தில் சங்கிலியும் விரலில் மோதிரமும் வேண்டாம் என்பதும் இதனோடு சேர்ந்தது. இதற்குச் செலவே இல்லை.

செலவு என்ற வாதத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. ஒளியுணர் ரிலே விலை மிகுந்தது. சிறு தொழிற்கூடங்கள் வட்டி கட்டவே திணறுகின்றன. ஆனால் மேலே சொன்ன வழிகளில் முதலாவதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஒரு பூட்டு, ஒரு சாவி, அரைமணி நேரம். உண்மையில் விலையுயர்ந்தது அந்த அரைமணி நேரம்தான். உற்பத்தியை அரைமணி நிறுத்த மனமில்லாததால்தான் உயிருள்ள பேனலில் கை நுழைகிறது.

அந்த மனமின்மையில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தெருவில் மின்சாரம் போன பத்தாவது நிமிடம் நாம் என்ன செய்கிறோம்? மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்கிறோம். 'அண்ணே, கரண்ட் எப்ப வரும்?' இருபதாவது நிமிடம் அண்ணன் போய்க் குரல் உயர்கிறது. மின்மாற்றியின் அடியில் நிற்கும் களப்பணியாளரின் செவியில் அந்தக் குரல் மேலதிகாரியின் குரலாக மாறி விழுகிறது. முறைப்படி நிறுத்தி, சோதித்து, எர்த் செய்து வேலைசெய்ய ஆகும் நேரத்தை நாம்தான் அவரிடமிருந்து பறிக்கிறோம். பண்டிகைக்கால மாலையில், தேர்வுக்கு முந்தைய இரவில், கிரிக்கெட்டின் கடைசி ஓவர்களில் இன்னும் வேகமாகப் பறிக்கிறோம். இதை நம்மைநோக்கியே சொல்லிக்கொள்கிறோம். நாமும் அப்படிப் பேசியவர்கள்தாம்.

ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதியபிறகு, தமிழ் வாசகருக்கு உப்பு வெறும் சுவையாக மட்டும் இருக்கவில்லை. உப்பளத்து மனிதர்களின் வெடித்த பாதங்களும் கூசும் கண்களும் அதனுள்ளே வந்து அமர்ந்துகொண்டன. டி. செல்வராஜின் 'தோல்' பதனிடும் தொட்டிக்குள் நிற்பவரின் உடலை நம்முன் கொணர்ந்து நிறுத்தியது. சுவிட்சைத் தட்டியதும் எரியும் விளக்கின் பின்னால் நிற்பவரை நாம் அப்படிப் பார்க்கத் தொடங்கவில்லை. அவருக்கு ஒரு நாவல் எழுதுவது பெரிய வேலை, காலம் செய்யட்டும். ஒரு சொல் தருவதை நாமே செய்துவிடலாம்.

வெப்ப வீச்சை 'மின்வில் அனல்' என்றும், அதனோடு வரும் வெடிப்பை 'மின்வில் வெடிப்பு' என்றும் சொல்லலாம் என்பது நம் முன்மொழிவு. தொழிலாளர்கள் 'ஷார்ட் ஆகி வெடிச்சிருச்சு' என்கிறார்கள், 'பிளாஷ் ஆயிருச்சு' என்கிறார்கள். பிளாஷ் என்ற சொல்லே நிலைத்துவிட்டாலும் நமக்கு மறுப்பில்லை. எழுதும் சொல் பேசும் வாய்க்கு அருகில் இருப்பதே நல்லது. எந்தச் சொல்லாயினும், அது நாளேட்டுச் செய்தியில் வர வேண்டும், விபத்துப் பதிவேட்டில் தனி வரியாக வர வேண்டும், ஐ.டி.ஐ. பாடநூலில் ஷாக்குக்கு அடுத்த பாடமாக வர வேண்டும், பேனலின் கதவில் தமிழ் வில்லையாக வர வேண்டும். 'இந்தக் கதவைத் திறந்தால் 28 கலோரி அனல் வரக்கூடும். மின்சாரத்தை நிறுத்தாமல் திறக்காதே' என்று பெரிய எழுத்தில் எழுத எந்த ஆய்வும் தேவையில்லை. கணக்கிட ஒரு பொறியாளரும், தமிழில் எழுத ஒருவரும் போதும். இரண்டாமவர் நம்மில் பலர் இருக்கிறோம். தொழிற்சாலையில் வேலைசெய்யும் நண்பர் கேட்டால் மறுக்காமல் எழுதிக் கொடுப்போம்.

அடுத்தமுறை மின்சாரம் போகும்போது மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருப்போம். போனை எடுக்க வேண்டாம். அவர் பூட்டைப் போட்டு, சோதித்து, எர்த் செய்து, நிதானமாக வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பட்டும். விளக்கு அதன்பிறகு எரிந்தால் போதும்.